ஊர் பார்த்த செலவு ஒன்றுமில்லை: புதுச்சேரியில் இரண்டு நாள்

“ஏன் அம்மிணி, கடக்கரைக்கு டிக்கெட் எவ்வளவு போட்டிருக்கறாங்க?”

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் விடிவதற்கு முன்னால் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா கேட்டார். விவரம் தெரியாமல் கேட்கவில்லை. எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில் தண்ணீர் இருக்கிற இடத்தில் பெரும்பாலும் ஒரு கவுன்டரும் இருக்கும். கொடிவேரி அணைக்கு டிக்கெட், பவானிசாகர் பூங்காவுக்கு டிக்கெட், வண்டி நிறுத்த இன்னொரு டிக்கெட். அந்தப் பழக்கம். “ஒண்ணும் இல்லீங்ப்பா, சும்மாவே பாக்கலாம்” என்றேன். சரி என்று தலையாட்டினார். ஆனால் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ரூபாயை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பொங்கல் முடிந்த வாரக் கடைசி அது. நான், அப்பா, ஏழாவது படிக்கும் என் மகன், மூன்று பேர். அப்பாவுக்கு 76 வயது. ஈரோடு கருங்கல்பாளையத்தில் தறி ஓட்டி எங்களை வளர்த்தவர். நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பொங்கல் துணிமணி, மகனின் மூன்றாம் பருவக் கட்டணம் எல்லாம் போக அந்த மாதம் கையில் மிச்சம் அதிகம் இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சின்னம்மா மகள் வீடு இருக்கிறது, தங்குவதற்குக் கவலையில்லை. “வாக்கா, வந்தாப் போதும்” என்று அவள் நாலு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதனால் ஒரு முடிவோடு கிளம்பினோம். பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் மட்டும். ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று ஒரு ரூபாயும் எடுப்பதில்லை.

புதுச்சேரி என்றாலே கையில் கத்தையாகப் பணம் வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. கஃபே, ஸ்கூட்டர் வாடகை, படகு, ரிசார்ட் என்று போட்டோ பார்த்துப் பார்த்து வந்த பேச்சு. கொங்குப் பக்கத்திலிருந்து வயதானவரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக நினைக்கிறவர்களுக்கு நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். நல்லது எது, சரியில்லாதது எது, இரண்டும்.

முதலில் கடற்கரைச் சாலை. மற்றதெல்லாம் பார்க்க நேரமில்லாவிட்டாலும் இது ஒன்றுக்காகப் போகலாம்.

சாலைக்குக் கூபேர் அவென்யூ என்று பெயர்ப்பலகை இருக்கிறது, ஆனால் ஊர்க்காரர்கள் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை. பீச் ரோடுதான். நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். மாலை 6 மணிக்குத் தடுப்பு போட்டு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை 7.30 வரை அந்தச் சாலை நடக்கிறவர்களுக்கு மட்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. ஈரோட்டில் பன்னீர்செல்வம் பார்க் பக்கம் ஒரு தடவை சாலையைக் கடந்து பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற பழக்கம் எனக்கு. அன்று சாயங்காலம் பாதி தூரம் போன பிறகுதான் கவனித்தேன், அவர் கையை நான் பிடித்திருக்கவில்லை. அவர் பாட்டுக்குச் சாலையின் நடுவில் போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிகாலை மறுபடியும் போனோம். சூரியன் ஆறரையை ஒட்டித்தான் எழுந்தது. அதற்கு முன்னாலேயே அப்பா கரைச் சுவரில் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கடல் பார்த்தது அதற்கு முன் ஒரே தடவை, ராமேஸ்வரத்தில். அங்கே தீர்த்தமாடுகிற அவசரத்தில் கடலைப் பார்த்தோமா என்றே நினைவில்லை என்றார். இங்கே அவசரமில்லை. பாறையில் அலை மோதி எழும் தூவானம் வேட்டிக் கரையை நனைத்தது. துடைக்கவில்லை. முதலில் சாம்பல் நிறத்தில் கிடந்த தண்ணீர் செம்பு நிறத்துக்கு மாறி, அப்புறம் கண்ணைக் கூசும் வெள்ளையானது. என் மகன் பாறை இடுக்குகளில் நண்டு தேடிக்கொண்டிருந்தான். பாறை நிறத்திலேயே இருக்கும் நண்டு, அசைந்தால்தான் தெரியும். “அப்புச்சி, இங்க பாருங், பக்கவாட்டுல ஓடுது” என்று அவன் கத்தியபோது, நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்று, அலை விழும் ஈரப் பாறைக்கு இறங்க வேண்டாம், பாசி வழுக்கும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். கேட்டிருக்கலாம். பத்து நிமிடத்தில் முழங்காலில் சிராய்த்துக்கொண்டு வந்தான்.

அந்தப் பாறைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலர் கடற்கரை என்றால் மணல் என்று நினைத்துப் போய்ப் பாறாங்கல் கரையைப் பார்த்து ஏமாறுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தங்கை வீட்டுக்காரர்தான் காரணத்தை விளக்கினார். இந்தக் கரையோரம் கடல் நீரோட்டம் வருடத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1980களில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புகளை நீட்டினார்கள். மணல் அந்தத் தடுப்பில் தங்கிவிட, வடக்கே இருந்த ஊர்க்கரைக்குப் புது மணல் வராமல் அரித்துப்போனது. அரிப்பைத் தடுக்கக் கொட்டியதுதான் இந்தப் பாறைகள். பிறகு 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஓர் இரும்புத் திட்டை இறக்கியது. அலையின் வேகம் அதில் அடங்கி, அந்தப் பக்கம் மணல் மறுபடியும் சேர்ந்திருக்கிறது. அதனால் மணலில் கால் வைக்க ஆசைப்பட்டால் சாலையின் வடக்குக் கோடிக்குப் போங்கள். குளிக்க இறங்காதீர்கள். காவேரிப் பழக்கம் இங்கே உதவாது. ஆற்றில் தண்ணீர் ஒரு பக்கம்தான் இழுக்கும், கடல் கொண்டு வந்து விட்டுவிட்டுத் திரும்ப இழுக்கும்.

அந்த விடிகாலையில் கடலுக்குள் இரும்புத் தூண்கள் சில தலை நீட்டிக்கொண்டிருந்தன. பழைய பாலத்தின் மிச்சம். கப்பல் சரக்கை ஏற்றி இறக்கப் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது, 1952 புயலில் போய்விட்டது. சாலையோரம் 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1938இல் எழுப்பிய நினைவுச் சின்னம், செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலை, எல்லாம் அடுத்தடுத்து வரும். காந்தியைச் சுற்றியிருக்கும் தூண்களில் ஒன்றைக் கையால் தடவிப் பார்த்த அப்பா, “இந்த வேலைப்பாடு கோயில் மண்டபத்துக் கல்லு மாரில்ல இருக்குது” என்றார். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரரை என் மகன் வாயைப் பிளந்து பார்த்தான். கெப்பி என்று அதற்குப் பெயர், பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன வழக்கம். பேச்சுக் கொடுத்தபோது அந்தக் காவலர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

இந்தச் சாலைக்குப் பத்துக்குப் பத்து கொடுப்பேன், ஒரு குறை மட்டும் இல்லாவிட்டால். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது பாரதி வீடு. உண்மையில் அப்பா புதுச்சேரிக்கு வர ஒத்துக்கொண்டதே இதற்காகத்தான்.

கருங்கல்பாளையத்துக்காரர்களுக்கு இது புரியும். பாரதி கடைசியாகப் பேசிய மேடை எங்கள் ஊர் வாசகசாலையில் என்று சொல்வார்கள். 1921 ஜூலைக் கடைசியில் ஈரோட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனார், செப்டம்பரில் சென்னையில் இறந்துவிட்டார். அப்பா தறி நிறுத்தியதும் கையைக் கழுவிக்கொண்டு நேரே நூலகத்துக்குப் போகிறவர். சின்ன வயதில் என்னையும் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். “இங்கதான் சாமி நின்னு பேசினாரு” என்று மனிதரைச் சாமி என்று சொல்லி எனக்குக் காட்டியதும் அங்கேதான். கடைசிப் பேச்சு நடந்த இடத்தை ஆயுசு முழுக்கப் பார்த்தவருக்கு, அவர் எழுதித் தள்ளிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

வீடு ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் இருக்கிறது. இப்போது அருங்காட்சியகமும் ஆய்வு மையமும். எங்களிடம் யாரும் காசு கேட்கவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் போனோம். இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவரை ஓய்வெடுக்கச் சொன்னால் அப்பா கேட்கவில்லை, குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். உள்ளே நுழையும் முன் செருப்பைக் கழற்றினார். கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

உள்ளே வானம் பார்த்த முற்றம், சுற்றித் தாழ்வாரம். நம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்குப் பழகின அமைப்பு. சுவரில் படங்கள், கண்ணாடிக்குள் எழுத்துப் பிரதிகள். ஒரு கையெழுத்துப் பிரதிக்கு முன்னால் அப்பா நின்றார். நான் மற்ற அறைகளைச் சுற்றிவிட்டு வந்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியில் மூக்கு படுகிற அளவு குனிந்து, உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். அடித்துவிட்டு மேலே வேறு சொல் எழுதியிருந்த ஓர் இடத்தை என் மகனுக்குக் காட்டி, “பாத்தியா கண்ணு, அவருக்கும் ஒரு தடவையில வல்லை. அடிச்சுப் போட்டு மறுக்கா எழுதியிருக்காரு” என்றார். பையன் அதைக் கேட்டு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தான். நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் திட்டு வாங்குகிற பிள்ளை அவன்.

1908இல் சென்னையில் கைதாகும் நிலை வந்தபோது பாரதி இங்கே வந்தார். பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர் என்பதால் வெள்ளைக்காரப் போலீஸ் உள்ளே வந்து பிடிக்க முடியாது. வாசலில் வேவு பார்க்க ஆள் வைக்கத்தான் முடிந்தது. பத்து வருடம் இருந்தார். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கடலூர்ப் பக்கம் கைது செய்துவிட்டார்கள். அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் அதே வருடங்களில் இங்கே அடைக்கலமாக இருந்தவர்கள். இதெல்லாம் அப்பா முற்றத்தில் நின்று பேரனுக்குச் சொன்னது. வழிகாட்டி யாரையும் வைத்துக்கொள்ளாமல் போனது நல்லதாகப் போயிற்று. அவர் சொல்வதைக் கேட்டு, ஓவியம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பெண்களும் பக்கத்தில் வந்து நின்றார்கள். “ஐயா, நீங்க தமிழ் வாத்தியாரா?” என்று ஒரு பெண் கேட்டாள். “இல்லீங் அம்மிணி, தறிக்காரன்” என்றார்.

நேரம் மட்டும் விசாரித்துக்கொண்டு போங்கள். மத்தியானம் சாத்திவிட்டால் வெயிலில் நிற்க வேண்டும். பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் இதேபோல் நினைவு இல்லமாக இருக்கிறது. 1891இல் இதே ஊரில் பிறந்தவர் அவர். அதையும் பார்த்தோம். முதல் வீட்டில் ஒன்றரை மணி நேரம் நின்றதால் அங்கே அவ்வளவு நேரம் கொடுக்கவில்லை. அது எங்கள் குறை, வீட்டின் குறை இல்லை.

அரவிந்தர் ஆசிரமத்துக்குச் சாயங்காலம் போனோம். காலையில் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, மத்தியானம் இரண்டிலிருந்து ஆறு வரை. கட்டணம் இல்லை, செருப்பு வைக்கவும் காசில்லை. பேசக்கூடாது, போனைத் தொடக்கூடாது. மரத்தடியில் சமாதியின் மேல் பூக்களைக் கோலம் போட்ட மாதிரி நிறம் நிறமாக அடுக்கியிருக்கிறார்கள். அப்பாவுக்குப் பஞ்சுத் தூசியில் வேலை செய்து வந்த இருமல் உண்டு. அங்கே இருமிவிடுவாரோ என்று எனக்குத்தான் பதற்றம். துண்டை வாயில் வைத்துக்கொண்டு ஒரு சத்தமும் இல்லாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சத்தம் போடும் வயதில் குழந்தை இருந்தால் இந்த இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

அங்கிருந்து மணக்குள விநாயகர் கோயில் நடக்கிற தூரம்தான். நான் கல்லூரிச் சுற்றுலாவில் வந்தபோது வாசலில் லட்சுமி யானை தும்பிக்கையைத் தலையில் வைத்தது இன்னும் நினைவிருக்கிறது. 2022 நவம்பர் 30ஆம் தேதி அது இறந்துபோனது. மகனிடம் யானை நின்ற இடத்தைக் காட்டினேன். தரிசனம் பொது வரிசையில் இருபது நிமிடத்தில் முடிந்தது.

தேவாலயங்கள் மூன்று பார்த்தோம். கடற்கரையை ஒட்டி, 1855இல் கட்டி முடித்த கப்ஸ் கோயில், மிஷன் வீதியில் சம்பா கோயில், ரயில் நிலையம் அருகில் திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா. மூன்றில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் பசிலிக்காவுக்குப் போங்கள், வெயில் ஏறிய பிறகு. சன்னல் கண்ணாடிகளின் நிறம் தரையில் விழும். பூசை நேரத்தில் வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம்.

தெருக்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கடல் பக்கம் பிரெஞ்சுத் தெருக்கள், வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருக்கள். எல்லாம் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும், தொலைந்து போக வழியில்லை. எல்லோரும் மஞ்சள் சுவருக்கும் காகிதப்பூவுக்கும் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் வாய்க்காலைத் தாண்டச் சொல்வேன். வைசியாள் வீதிப் பக்கம் இன்னும் சில வீடுகளில் தெருவைப் பார்த்த ஓட்டுச் சாய்ப்பும் அதற்குள் திண்ணையும் இருக்கின்றன. சாய்ப்பு தெருவில் போகிறவர்களுக்காக, திண்ணை வந்து உட்காருகிறவர்களுக்காக. வீட்டுக்காரர் தம் காசில் போட்ட மரத்தூணும் ஓடும், நிழல் ஊருக்கு. உச்சி வெயிலில் ஒரு வீட்டுச் சாய்ப்பில் ஒதுங்கினோம். கதவு திறந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். போகச் சொல்லப் போகிறார் என்று நான் எழுந்தேன். “பெரியவரை உட்காரச் சொல்லும்மா” என்று சொல்லிவிட்டுச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எந்த ஊர் என்று கேட்டார். ஈரோடு என்றதும் மஞ்சள் விலை கேட்டார். எனக்கு அது தெரியாமல் இருக்குமா, குவிண்டால் கணக்கில் விரலி, கிழங்கு இரண்டுக்கும் தனித்தனியாகச் சொன்னேன்.

பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் இருக்கிறது. வெள்ளை மண்டபம், புதுச்சேரி அரசின் சின்னத்திலும் இதுதான். பெயருக்குப் பின்னால் ஒரு கதை சொல்கிறார்கள். விஜயநகர காலத்தில் ஒரு ராஜா இந்தப் பக்கம் வந்தபோது விளக்கேற்றி ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்க உத்தரவு. நானே இடிக்கிறேன் என்று கேட்டு வாங்கி, வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாள் ஆயி. பல காலம் கழித்து மூன்றாம் நெப்போலியன் ஆண்டபோது, அந்தக் குளம் இருந்த முத்திரப்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீருக்கு யார் காரணம் என்று கேட்டு அவள் பெயரில் மண்டபம் கட்டச் சொன்னாராம் அரசர்.

அப்பா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பேரனிடம் காலிங்கராயனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பவானியில் அணை கட்டி, 13ஆம் நூற்றாண்டில் எங்கள் ஊர் வழியாக வாய்க்கால் வெட்டிக்கொண்டு போனவர். தன் லாபத்துக்காக வெட்டினான் என்று யாரோ சொல்லிவிட, என் வம்சத்தார் இந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள் என்று சொல்லி ஊரை விட்டே போய்விட்டார் என்பது எங்கள் பக்கம் வழங்கும் கதை. “ரண்டு பேரும் ஒரே சாதிச் சனம் கண்ணு, தண்ணி குடுத்த சாதி” என்றார். பூங்காவின் கல் பெஞ்சில், வேப்பமர நிழலில், தங்கை கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தோம். இந்தப் பயணத்தில் ரொம்ப ருசித்த சாப்பாடு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை இருந்தால் மகாத்மா காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் போடுவார்கள். எங்களூர்க் கனி மார்க்கெட் மாதிரி, ஆனால் நீளத் தெருவாக. வாங்காமல் நடக்கலாம், கூட்டத்தைத் தவிர தொந்தரவு இல்லை. குவித்துப் போட்டிருந்த பனியன்களில் ஒன்றை எடுத்து உள்தையலைத் திருப்பிப் பார்த்தேன். கழுத்துப் பட்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. “திருப்பூர் மாலுதானுங்களே?” என்று கேட்டேன். கடைக்காரப் பையன், “அக்கா எந்த ஊரு?” என்று கேட்டுவிட்டு அதற்கப்புறம் விலையே சொல்லவில்லை.

இப்போது குறைகள்.

கழிப்பறைதான் பெரிய குறை. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் போயாக வேண்டும். கடற்கரைப் பக்கம் நாங்கள் போன பொதுக் கழிப்பறை ஒன்று பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு பெரிய கஃபேயில் கேட்டேன், உள்ளே சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்றார்கள். 76 வயதுக்காரர் வாசலில் நிற்கிறார் என்று காட்டியும் மனம் இரங்கவில்லை. அப்பா, “விடு அம்மிணி” என்று என் கையை இழுத்தார். அவர் முகம் சிறுத்துப்போனதை நான் மறக்க மாட்டேன். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன டீக்கடைக்காரர், கேட்ட உடனே பின்கட்டுக்கு வழி காட்டினார். டீ குடிக்கவா என்று கேட்டதற்கு, அதெல்லாம் வேண்டாம், போய்ட்டு வாங்க என்றார். இத்தனை பேர் நடந்து வருகிற சாலையில் இரவும் பகலும் திறந்திருக்கும் சுத்தமான கழிப்பறைகள் வேண்டும், அவை எங்கே என்று பலகையும் வேண்டும். நான் பத்துக்குப் பத்து கொடுக்காமல் நிறுத்தி வைத்தது இதற்காகத்தான்.

இரண்டாவது வெயில். தை மாதத்திலேயே பதினொரு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் நிற்க முடியவில்லை, ஒதுங்க நிழல் குறைவு. காலை, மாலை இரண்டு நேரத்தையும் கடலுக்கு வைத்துக்கொண்டு நடுப்பகலைத் தெருவுக்கும் பூங்காவுக்கும் கொடுங்கள். தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டு போங்கள்.

மூன்றாவது ஆட்டோ. நடந்து போகிற தூரத்துக்கு 150 ரூபாய் கேட்டார் ஒருவர். பேரம் பேச எனக்குத் தெம்பில்லை, நடந்துவிட்டோம். பழைய ஊர் முழுக்க நடக்கிற அளவுதான் என்பதால் இது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை, முட்டி வலி உள்ளவர்களுக்குத் தெரியும்.

அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் உண்டு என்பதால் போகவில்லை. அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டிய பொருள்கள் அங்கே இருக்கின்றன. நம் நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணி செய்தவர்களும், கடலோரத்து அரிக்கமேட்டில் மணி செய்து கப்பலேற்றியவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்துக்காரர்கள். காங்கேயம் பக்கம் படியூரில் பச்சைக்கல் எடுத்த மண் நம்முடையது. அந்த மணிகளை அப்பாவிடம் காட்டியிருக்க வேண்டும். அந்தச் சின்னக் கட்டணத்துக்காக விட்டிருக்கக் கூடாது. நீங்கள் போனால் அதற்கு மட்டும் விதியைத் தளர்த்துங்கள்.

ஞாயிறு இரவு பஸ்ஸுக்கு எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும். சாமான்களைத் தங்கை வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு வந்து தருவதாகச் சொல்லிவிட்டார். மணி ஐந்தே முக்கால். அப்பா மறுபடியும் கடற்கரைக்குப் போகலாம் என்றார். ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தாயிற்றே என்று மகன் சொன்னான். “கடலில்ல கண்ணு, அந்த ரோட்டை மூடறதைப் பாக்கோணும்” என்றார்.

சாலை முனையில் போய் நின்றோம். ஒரு கார், இரண்டு ஸ்கூட்டர், பின்னால் குழந்தையை உட்கார வைத்த ஒரு மொபெட். ஆறு மணிக்குக் காவலர் தடுப்பை இழுத்து வைத்தார், இரும்புக்கால் தார் ரோட்டில் உரசியது. ஓரமாக நின்றிருந்த கூட்டம் மெதுவாக நடுவுக்கு வந்தது. அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தார் இன்னும் சூடாகத்தான் இருந்தது, அவருக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. பேரனும் ஷூவைக் கழற்றினான். நான் பைகளோடு சுவரில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் கலங்கரை விளக்கம் தாண்டிப் போய்த் திரும்பி வருகிற வரைக்கும் காத்திருந்தேன்.